நோயாளியின் ஈமானை அளக்காதீர்கள்!

 

திருச்சியில் நம்மவர் வீட்டில் ஒருவருக்குக் கால் முறிந்தால் உடனே புத்தூர் அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். நெஞ்சு வலித்தால் நள்ளிரவிலும் ஆட்டோக்காரரின் கதவைத் தட்டுகிறோம். சர்க்கரை கூடினால் மாத்திரை விழுங்குகிறோம். அப்போதெல்லாம் நோயாளி ஐவேளை தொழுகிறாரா, குர்ஆன் ஓதுகிறாரா என்று எவரும் விசாரணை நடத்துவதில்லை. எலும்புக்கும் இதயத்துக்கும் நோய் வரும் என்பதை நாம் ஒப்புக்கொண்டுவிட்டோம்.

அதே வீட்டில் ஒரு பெண் மூன்று வாரமாகச் சரியாக உறங்காமல், உண்ணாமல், பெற்ற குழந்தையைக் கையில் வாங்கவும் மனமில்லாமல், காரணம் சொல்லத் தெரியாமல் அழுதுகொண்டிருந்தால் என்ன செய்கிறோம்? மருத்துவரைத் தேடுவதற்கு முன்பே தீர்ப்பு வந்துவிடுகிறது. தொழுகையில் பேணுதல் இல்லை என்கிறார் மாமியார். ஈமான் பலவீனமாகிவிட்டது என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அல்லாஹ்வை நம்புகிறவளுக்கு மனக்கவலை எப்படி வரும் என்று கேட்கிறார், நான்கு பயான்களைக் கைப்பேசியில் கேட்டுவிட்ட கொழுந்தன்.

இந்தத் தீர்ப்பை எதிர்த்தே இக்கட்டுரையை எழுதுகிறேன். இது நஸீஹத் அல்ல. நோயாளிக்குச் செய்யும் அநீதி. மார்க்கத்தின் பெயரால் சொல்லப்படுகிறதே தவிர, மார்க்கத்தில் இதற்கு ஆதாரம் இல்லை. இதைச் சொல்லும் நாவுகளால் நமது மஹல்லாக்களில் எத்தனையோ நோயாளிகள் சிகிச்சைக்குப் போகாமல் ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள்ளேயே வாடுகிறார்கள்.

இரு தரப்பும் ஒரே தவறில்

நமக்குள் எத்தனையோ கருத்து வேறுபாடுகள். தர்காவுக்குச் செல்வோர் ஒரு பக்கம். அதைக் கடுமையாக மறுப்போர் இன்னொரு பக்கம். ஒருவர் மேடையில் மற்றவர் ஏறுவதில்லை. ஆயினும் மனநோயாளி ஒருவர் எதிரே வந்து நின்றால் இரு தரப்பும் வியக்கத்தக்க வகையில் ஒன்றுபட்டுவிடுகின்றன. முதல் தரப்பு, ஜின் பிடித்திருக்கிறது, தாயத்துக் கட்டுங்கள் என்கிறது. இரண்டாம் தரப்பு, தாயத்து ஷிர்க், உனக்கு ஈமான் போதவில்லை, திக்ரை அதிகப்படுத்து என்கிறது. இவருக்கு நோய், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள் என்ற எளிய சொல் மட்டும் இரு பக்கத்திலிருந்தும் வருவதில்லை.

ஜின் இனம் உண்டு என்பதும், கண்ணேறும் சூனியமும் உண்டு என்பதும் நமது நம்பிக்கையில் உள்ளவை. அவற்றை மறுக்க நான் வரவில்லை. ஜின் உண்டு என்பது வேறு. அழுகிற பெண்ணையெல்லாம் ஜின் பிடித்தவள் என்று முத்திரை குத்துவது வேறு. முன்னது நம்பிக்கை. பின்னது, அறிவின்றி மறைவான விஷயத்தில் தீர்ப்புச் சொல்லும் துணிச்சல். நமக்கு அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம் என்று குர்ஆன் எச்சரிப்பது இந்தத் துணிச்சலுக்கும் பொருந்தும்.

நபிமார்களின் கண்ணீர்

கவலை ஈமான் குறைவின் அடையாளம் என்போர் குர்ஆனைத் திறந்து பார்க்கட்டும். யஃகூப் (அலை) அவர்கள் மகன் யூஸுஃபைப் பிரிந்த துயரத்தில் அழுது அழுது கண்பார்வையை இழந்ததைச் சூரா யூஸுஃப் சொல்கிறது. அவர்கள் அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்கவில்லை. ஆனால் துயரம் அவர்களது உடலையே பாதித்தது. நம்பிக்கையும் கண்ணீரும் ஓர் உள்ளத்தில் ஒருசேர இருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மர்யம் (அலை) அவர்கள் பிரசவ வேதனையில், இதற்கு முன்பே இறந்து மறக்கப்பட்டிருக்கக் கூடாதா என்று ஏங்கினார்கள். அல்லாஹ் அவர்களைக் கண்டித்தானா? இல்லை. கவலைப்படாதே என்று ஆறுதல் வந்தது. அருந்த நீரோடையும் உண்ணப் பேரீச்சம்பழமும் காட்டப்பட்டன. ஆறுதல், நீர், உணவு என்பதுதான் அங்கே வரிசை. நாமோ நமது மருமகளுக்கு முதலில் குற்றப்பத்திரிகை வாசிக்கிறோம்.

நபி (ஸல்) அவர்கள் கவலையிலிருந்தும் துக்கத்திலிருந்தும் அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடியதை அனஸ் (ரலி) அறிவிக்கிறார்கள், புகாரியில் உள்ளது. நமது மக்தப் பிள்ளைகளும் அந்த துஆவை மனப்பாடமாக ஓதுகிறார்கள். ஈமான் உள்ளவருக்குக் கவலையே வராது என்றால், மனிதரில் சிறந்த ஈமான் உடையவர் எதிலிருந்து பாதுகாவல் தேடினார்கள்? கதீஜா (ரலி) அவர்களும் அபூதாலிபும் இறந்த ஆண்டைச் சீரா நூல்கள் துயர ஆண்டு என்றே அழைக்கின்றன. துயரத்துக்கு ஓர் ஆண்டையே ஒதுக்கிய வரலாறு நம்முடையது.

ஒட்டகத்தைக் கட்டுவதும் தவக்குல்தான்

மருத்துவம் செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர மருந்தில்லாத நோயை அல்லாஹ் வைக்கவில்லை என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டது அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகியுள்ளது. அதில் உடல்நோய்க்கு மட்டும் என்ற நிபந்தனை இல்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டு நம்பிக்கை வைக்கச் சொன்ன நபிமொழியை வியாபாரத்துக்கும் பயணத்துக்கும் எடுத்துக்காட்டும் நாம், மனம் என்ற ஒட்டகத்தை மட்டும் ஏன் அவிழ்த்துவிடச் சொல்கிறோம்?

அம்வாஸ் கொள்ளைநோய்க் காலத்தில் உமர் (ரலி) ஷாம் எல்லையிலிருந்து படையோடு திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று கேட்கப்பட்டபோது, அவனது ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்ற பொருளில் விடையளித்தார்கள். நோய் விதி என்றால் மருந்தும் விதிதான்.

அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களுக்கு எங்கே கூடாரம் அமைக்கப்பட்டது? மஸ்ஜிதுந் நபவியிலேயே. அருகிலிருந்து நலம் விசாரிக்க வசதியாக நபியவர்களே அவ்வாறு செய்தார்கள். ருஃபைதா (ரலி) என்ற பெண்மணி அங்கே காயமுற்றோரைக் கவனித்ததை வரலாற்று நூல்கள் சொல்கின்றன. தொழும் இடத்தின் நிழலிலேயே சிகிச்சைக்கும் இடம் இருந்தது. இன்றோ பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒரு மருத்துவ முகாமின் நோட்டீஸை ஒட்டவும் மூன்று கூட்டங்கள் தேவைப்படுகின்றன.

பின்வந்த தலைமுறையினரும் அந்தப் பாதையில்தான் நடந்தார்கள். ஹிஜ்ரி 322இல் (கி.பி. 934) மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' என்றொரு நூலை எழுதினார். உடல்களின் நலனும் உள்ளங்களின் நலனும் என்பது அதன் பொருள். உடலைப் பற்றிப் பேசும் மருத்துவர்கள் உள்ளத்தை மறந்துவிடுகிறார்கள் என்று அன்றே குறைபட்டவர் அவர். காரணம் தெரிந்த துக்கம் ஒரு வகை, காரணமே புலப்படாத துக்கம் வேறு வகை என்று பிரித்து, பின்னதற்கு உடலில் வேர் இருக்கிறது, உடலுக்கும் வைத்தியம் தேவை என்றார். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ஒரு முஸ்லிம் அறிஞர் எழுதியதை, இன்று திருச்சியில் ஒரு தாய்க்குப் புரியவைக்க நாம் திணறுகிறோம்.

கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் நிறுவிய மன்சூரி மருத்துவமனை வக்ஃப் சொத்தின் வருமானத்தில் இயங்கியது. மனநோயாளிகளுக்கு அங்கே தனிப்பிரிவு இருந்தது. வக்ஃப் என்றால் கடைவாடகையும் நிர்வாகத் தேர்தலும் வழக்கும்தான் என்று ஆகிவிட்ட நமது காலத்தில் இதை நினைவூட்டுவது அவசியமாகிறது.

ஏர்வாடியை மறந்தோமா?

ஈமான் குறைவு, ஜின் தீண்டல் என்ற பேச்சின் இறுதி நிலையம் எதுவென்று தெரிந்துகொள்ள நாம் தொலைதூரம் போக வேண்டியதில்லை. இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில், தனியார் நடத்திய ஒரு மனநோயாளிகள் இல்லத்தின் ஓலைக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். நெருப்பைக் கண்டும் எழுந்து ஓட வழியில்லை. 28 உயிர்கள் போயின. அடுத்த ஒரு வாரத்தில் அங்கிருந்த அத்தகைய இல்லங்களை அரசு மூடியது.

அந்தச் சங்கிலிகளை மாட்டியவர்களை மட்டும் குற்றம் சொல்லி நாம் தப்பிவிட முடியாது. அங்கே தங்கியிருந்தவர்கள் பல சமயத்தவர். பல ஊர்களிலிருந்து சொந்தக் குடும்பத்தார் கொண்டுவந்து விட்டவர்கள். இது நோயல்ல, வேறு ஏதோ என்று வீட்டில் சொல்லப்பட்ட முதல் வாக்கியத்தில்தான் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணி வார்க்கப்பட்டது. துஆவுக்காக ஏர்வாடிக்குச் சென்றதைப் பற்றி இங்கே விவாதிக்கவில்லை. துஆவோடு மருந்து சேராததைப் பற்றித்தான் பேசுகிறேன். பிற்காலத்தில் தமிழக அரசு அதே ஏர்வாடியில் 'தவா-துவா' என்ற பெயரில், மருந்தும் பிரார்த்தனையும் இணைந்த திட்டத்தைக் கொண்டுவந்து, மனநல மருத்துவரை அங்கேயே அமர்த்தியது. நாம் சொல்லியிருக்க வேண்டியதை அரசு சொல்ல வேண்டியதாயிற்று.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், எந்த வடிவத்திலும் நோயாளியைச் சங்கிலியிடுவதைத் தடைசெய்கிறது. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், அவரைத் தண்டிக்கலாகாது என்றும் அதே சட்டம் கூறுகிறது. போலீசுக்குப் பயந்து இவற்றை மூடிமறைக்கும் குடும்பங்கள் இதை அறிந்துகொள்ள வேண்டும்.

திருச்சிக்குச் சாக்கு இல்லை

வசதியில்லாத குக்கிராமத்தார் இப்படி நடந்துகொண்டால் ஓரளவு காரணம் சொல்லலாம். நமக்கு என்ன காரணம்? மாவட்ட மனநலத் திட்டம் தமிழ்நாட்டில் முதன்முதலாக 1997இல் தொடங்கப்பட்டது நமது திருச்சி மாவட்டத்தில்தான். புத்தூரிலுள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பாலக்கரையிலிருந்தும் பீமநகரிலிருந்தும் தென்னூரிலிருந்தும் அது எவ்வளவு தூரம்? 2022 முதல் 14416 என்ற இலவசத் தொலைபேசி எண் இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலேயே பேசலாம். தூரம் பாதையில் இல்லை, நமது மனத்தில்தான் இருக்கிறது.

நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வில், வயதுவந்தோரில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதேனும் ஒரு மனநலப் பாதிப்போடு வாழ்வது தெரியவந்தது. பெருநகரங்களில் இந்த விகிதம் இன்னும் கூடுதல். பாதிக்கப்பட்டோரில் சிகிச்சை பெறாதவர்கள், நோயின் வகையைப் பொறுத்து, நூற்றுக்கு 70 முதல் 92 வரை. இந்தக் கணக்கில் சமயப் பிரிவு கிடையாது. நமது ஜும்ஆவின் ஒவ்வொரு ஸஃப்பிலும் இந்தப் பத்தில் ஒருவர் நிற்கிறார். தோளோடு தோள் சேர்ந்து நிற்கிறோம். அவர் யாரென்று நமக்குத் தெரியாது. சொன்னால் ஈமானை அளப்பார்கள் என்று அஞ்சி அவர் வாய் திறப்பதில்லை.

எங்கள் மதரஸாவுக்கு, ஓதிப் பார்க்கச் சொல்லி ஓர் இளைஞனை அழைத்து வந்தார்கள். காதில் குரல்கள் கேட்பதாகச் சொன்னான். அதற்கு முன் இரண்டாண்டுகள், பல ஊர்கள், பல ஆயிரங்கள். தண்ணீர் ஓதினோம், துஆச் செய்தோம், மருத்துவமனைக்கும் அனுப்பினோம். இன்று அவன் ஒரு கடையில் வேலை பார்க்கிறான். மாத்திரையை நிறுத்தாமல் உட்கொள்கிறான். மஃரிபுக்கு ஜமாஅத்தில் நிற்கிறான். ஒருநாள் அவன் கேட்ட கேள்வி இது: "ஹஜ்ரத், மாத்திரை போட்டுக்கொண்டே இருந்தால் என் தவக்குல் குறைந்துவிடுமா?" நோய் அவனைப் படுத்திய பாடு போதாதென்று, அந்தக் கேள்வியையும் சுமக்க வைத்தவர்கள் யார்? நாம்தான், இந்தச் சமூகம்தான்.

நகரம் பறித்த மூன்று

இக்காலத்தில் நோய்கள் ஏன் இப்படிப் பெருகுகின்றன என்று கேட்கிறோம். உடல், உள்ளம், உறவு என்ற மூன்று புரிகளால் முறுக்கிய கயிறு மனிதன். நகர வாழ்வு மூன்றையும் ஒருசேர அறுக்கிறது. ஆரோக்கியம் என்பது நோயின்மை மட்டுமல்ல, உடலும் மனமும் சமூக வாழ்வும் நிறைவாக இருப்பதே என்று உலக சுகாதார அமைப்பு 1948இலிருந்து சொல்லிவருகிறது. உன் உடலுக்கும், உன் கண்ணுக்கும், உன் மனைவிக்கும், உன்னைக் காண வருவோருக்கும் உன்மீது உரிமை உண்டு என்ற கருத்தை நமது ஹதீஸ் நூல்கள் அதற்கு வெகுகாலம் முன்பே பதிவு செய்துவிட்டன.

உடலைப் பாருங்கள். பள்ளிவாசலுக்கு எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடிக்கும் நன்மை என்று நம்புகிறோம். தொலைவிலிருந்த பனூ ஸலிமா கூட்டத்தார் பள்ளிக்கு அருகே குடிவர விரும்பியபோது, அவர்களது காலடிகள் எழுதப்படுகின்றன என்று கூறி நபியவர்கள் அங்கேயே இருக்கச் சொன்னார்கள். நாமோ இரண்டு தெரு தள்ளியிருக்கும் பள்ளிக்கு மோட்டார் சைக்கிளில் போகிறோம். வரும்போது பரோட்டாவை வாங்கிக்கொண்டு வருகிறோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் வயதுவந்தோரில் நூற்றுக்குப் பதினொருவருக்கு மேல் சர்க்கரை நோயாளிகள் என்கிறது. எண்ணிக்கையில் பத்துக் கோடி. சர்க்கரை நோயும் மனச்சோர்வும் ஒன்றையொன்று வளர்க்கும் என்பது மருத்துவர்கள் அறிந்த செய்தி. சோர்ந்தவர் நடப்பதில்லை; நடக்காதவர் மேலும் சோர்கிறார்.

காவிரிப் பாலத்தைக் கடந்து ஸ்ரீரங்கம் சென்று பாருங்கள். விடியற்காலையில் உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் முதியவர்களும் பெண்களும் நடந்துகொண்டிருப்பார்கள். அவர்களது வலம் அவர்களது சமயம். அதில் நமக்குப் பங்கில்லை. ஆனால் வயதான ஒரு பெண்மணி தன் வேகத்தில் நடந்துபோவதை அந்த வீதி குற்றமாகப் பார்ப்பதில்லை என்பதைக் கண்திறந்து பார்க்கலாமே! நமது தெருக்களில் ஒரு பெண், ஹிஜாபைப் பேணி, காலணி மாட்டி நடக்கப் புறப்பட்டால், எத்தனை சன்னல்கள் திறக்கின்றன? நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடினார்கள் என்று நாம் பயானில் ரசித்துக் கேட்கிறோம். கேட்டுவிட்டு, நமது வீட்டுப் பெண்களை மூன்று அறைகளுக்குள் நடக்கச் சொல்கிறோம்.

உறவைப் பாருங்கள். நமது விமான நிலையத்தின் புதிய முனையம் 2024 ஜனவரியில் திறந்து வைக்கப்பட்டது, அழகான கட்டடம். வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் போகும் பிள்ளைகளை அங்கே வழியனுப்பிவிட்டு வீடு திரும்பும் அத்தாவும் அம்மாவும் அன்றிரவு யாரோடு பேசுகிறார்கள்? பணம் மாதந்தோறும் வருகிறது. கைப்பேசித் திரையில் முகமும் வருகிறது. இருமும்போது முதுகைத் தடவும் கை மட்டும் வருவதில்லை. தனிமை உலகில் ஆறில் ஒருவரை வாட்டுகிறது என்று உலக சுகாதார அமைப்பு 2025இல் அறிவித்தது. அது மேல்நாட்டார் பிரச்சினை என்று நினைக்க வேண்டாம். நமது அடுக்குமாடிகளிலும் கணவன் துபாயில், மனைவி இங்கே, இடையில் பத்தாண்டு என்று எத்தனை குடும்பங்கள்! அந்தப் பெண் சோர்ந்து உட்கார்ந்தால், அவளுக்கும் ஈமானைத்தான் அளப்போமா?

ரமளானில் நமது பள்ளிகளில் நோன்புக் கஞ்சி காய்ச்சும்போது தூக்குச்சட்டியோடு எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் வரிசையில் நிற்கிறார்கள். அந்த முப்பது நாளும் எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார், எந்த வீட்டுக்குக் கஞ்சி கொடுத்தனுப்ப வேண்டும் என்று மஹல்லாவுக்குத் தெரிகிறது. ஷவ்வால் பிறை தெரிந்ததும் அந்த அறிவு எங்கே போய்விடுகிறது?

சில மறுப்புகள்

ருக்யா என்னும் ஓதிப் பார்த்தல் ஸுன்னத் அல்லவா என்று கேட்பார்கள். ஆம், ஸுன்னத்தான். ஓதுங்கள், நோயாளியே ஓதிக்கொள்வது இன்னும் சிறப்பு. ஆனால் ருக்யா மருந்தை நிறுத்தச் சொல்வதில்லை. மாத்திரையை நிறுத்து என்பவர், அடிப்பவர், கட்டிவைப்பவர், பெண்ணைத் தனியறைக்கு அழைப்பவர், ஆயிரக்கணக்கில் பணம் கேட்பவர் எவராயினும், அவர் தலையில் எந்தத் தொப்பி இருந்தாலும், அங்கிருந்து உடனே வெளியேறுங்கள். மருத்துவம் அறியாமல் மருத்துவம் செய்பவர் விளைவுக்குப் பொறுப்பாளி என்ற சட்டம் ஹதீஸிலேயே உள்ளது.

மனநோய் மாத்திரை என்றாலே தூக்க மாத்திரை, அடிமையாக்கிவிடும் என்பார்கள். சில மருந்துகள் பழக்கத்தை உண்டாக்கக் கூடியவைதான். அதனால்தான் மருத்துவரின் கண்காணிப்பு தேவை. மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்துகள் பெரும்பாலும் அவ்வகையைச் சேர்ந்தவை அல்ல. எதையும் தாமாகத் தொடங்குவதும் தாமாக நிறுத்துவதும்தான் ஆபத்து.

வெளியே தெரிந்தால் நிக்காஹ் நடக்காது என்பது மூன்றாவது மறுப்பு. உண்மையில் மற்ற இரண்டுக்கும் வேர் இதுதான். மறைத்து வைக்கிறோம், பிறகு, கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடும் என்று இன்னொரு வீட்டுப் பெண்ணைக் கொண்டுவந்து அந்த நெருப்பில் நிறுத்துகிறோம். ஆறு மாதத்தில் அவள் தாய்வீடு திரும்புகிறாள். ஜமாஅத் அலுவலகத்தில் பஞ்சாயத்து. விற்கும் பொருளின் குறையை மறைப்பதையே தடுத்த மார்க்கத்தில் இருந்துகொண்டு ஒரு பெண்ணின் வாழ்வில் இதைச் செய்கிறோம். சிகிச்சை பெற்று நலமாக வாழ்பவருக்குத் திருமணத் தகுதி உண்டு. ஒளிவுமறைவின்றிப் பேசினால் ஏற்றுக்கொள்ளும் குடும்பங்களும் உண்டு. நோய் எவருக்கும் இழுக்கல்ல. ஏமாற்றுவதே இழுக்கு.

ஜமாஅத்துகளிடம் கேட்பவை

நமது ஜமாஅத் நிர்வாகிகளிடமும் ஆலிம் பெருமக்களிடமும் மூத்த சகோதரர்களிடமும் உரிமையோடு கேட்கிறேன். மினாராவின் உயரத்தை இன்னும் பத்தடி கூட்டுவதற்கு முன், இவற்றைச் செய்யுங்கள்.

14416 என்ற எண்ணையும், அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவு இயங்கும் நேரத்தையும் பள்ளிவாசல் பலகையில் தொழுகை நேர அட்டவணைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். இதற்குச் செலவு ஒரு சாக்பீஸ்.

ஆண்டுக்கு ஓரிரு ஜும்ஆக்களிலாவது மனநோய் பாவமல்ல, அது நோய் என்று மிம்பரிலிருந்து சொல்லுங்கள். மருத்துவர் ஆயிரம் முறை சொல்வதைவிட இமாம் ஒருமுறை சொல்வது நமது மக்களிடம் ஆழமாக இறங்கும். அந்த வலிமை நம்மிடம் உள்ள அமானிதம்.

ஓதிப் பார்க்க வருவோரைத் திருப்பி அனுப்பாதீர்கள்; ஆனால் ஓதியபின் மருத்துவரிடமும் அனுப்புங்கள். பிரசவமான பெண் உறக்கமின்றிப் பிதற்றினால், வலிப்பு வந்தால், ஒருவர் இல்லாத குரல்களைக் கேட்டால் ஒருநாளும் தாமதிக்க வேண்டாம். எவராவது வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னால், தற்கொலை ஹராம் என்று பயான் தொடங்காதீர்கள். ஹராம்தான், ஹராம் என்பதாலேயே அவரைக் காப்பது நம்மீது கடமையாகிறது. அருகில் அமருங்கள், தனியே விடாதீர்கள், பேசவிடுங்கள், அன்றே உதவியை நாடுங்கள்.

மஹல்லாவில் தனியாக வாழும் முதியோரின் பட்டியல் ஒன்றை எழுதுங்கள். ஹிஃப்ளு மாணவர்களையும் கல்லூரிப் பிள்ளைகளையும் வாரம் ஒருமுறை அவர்கள் வீடுகளுக்கு அனுப்புங்கள். நோயாளியை நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிமின் மீது மற்ற முஸ்லிமுக்குள்ள உரிமை என்று வகுப்பில் பாடமாக நடத்துகிறோம். பாடத்துக்குச் செய்முறைத் தேர்வு வேண்டாமா?

ஃபஜ்ருக்குப் பின் பள்ளி வளாகத்தையோ மதரஸா மைதானத்தையோ பெண்கள் நடப்பதற்கென்று ஒரு மணி நேரம் திறந்துவிடுங்கள். பைத்துல்மாலிலிருந்து ஏழை நோயாளிகளின் போக்குவரத்துக்கும் மருந்துக்கும் ஒரு பங்கை ஒதுக்குங்கள்.

இவை எவையும் புதுமையான கோரிக்கைகள் அல்ல. பள்ளிவாசல் முற்றத்தில் ஸஅத் (ரலி) அவர்களுக்குக் கூடாரம் அடித்தபோதே தொடங்கப்பட்டவை. இடையில் கைவிட்டதை மீண்டும் கையில் எடுக்கச் சொல்கிறேன், அவ்வளவே.

ஈமான் கூடும், குறையும், உண்மை. அதை அளக்கும் தராசு அல்லாஹ்விடம் இருக்கிறது. நம்மிடம் தரப்பட்டிருப்பது ஒரு குவளை தண்ணீர், ஒரு கனிந்த சொல், மருத்துவமனை வரை கூடவே வரும் இரண்டு கால்கள். மறுமையில் நாம் விசாரிக்கப்படப்போவது, பக்கத்து வீட்டாரின் ஈமானைச் சரியாக அளந்தோமா என்பதைப் பற்றி அல்ல. நோயுற்றிருந்த அவரைப் போய்ப் பார்த்தோமா என்பதைப் பற்றி.

வல்ல அல்லாஹ் நமது நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவையும், நமது உடலுக்கும் உள்ளத்துக்கும் உறவுகளுக்கும் ஆஃபியத்தையும், நமது நாவுகளுக்கு நிதானத்தையும் தந்தருள்வானாக! ஆமீன்.